தங்கைக்கு வராத பொறாமை

குற்றாலம் மெயின் அருவியில் பெண்கள் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர். அக்கா சென்னையிலிருந்து வந்தவள், தங்கை தென்காசியில் டீச்சர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. சாரலில் நனைந்தபடி நின்ற அக்கா திடீரென்று சொன்னாள்.

"உன்னைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுதுட்டி."

தங்கை சிரித்தாள். "என்கிட்ட அப்படி என்னக்கா இருக்கு?"

"நாலு நாளா உன் வீட்டுல இருக்கேன். ஒருத்தரும் எதுக்கும் பறக்கல. ஹெட்மிஸ்ட்ரஸ் வேலை உன்னைத் தேடி வந்துச்சு. சிவகிரிக்குப் போகணும்னதும் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்ட. அதுக்கப்புறமும் படுத்த உடனே தூங்குத."

"சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவுக கூட உக்காந்து காப்பி குடிக்கணும்க்கா. சிவகிரிக்குப் போனா அது நடக்குமா?"

"நான் சென்னையில புது வீடு வாங்கினேன்லா. வந்து பார்த்தேல்லா. நமக்கு இப்படி ஒண்ணு இல்லையேன்னு ஒரு நிமிஷமாவது தோணுச்சா?"

தங்கை உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "இல்லக்கா. நல்லா இருக்குன்னுதான் தோணுச்சு."

"அதான்!" அக்கா அவள் பக்கம் திரும்பினாள். "நீ பாக்கணும்னுதாம்ட்டி அந்த வீட்டையே வாங்கினேன்."

அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. தங்கை அக்காவின் கையைப் பிடித்து அருவிக்குள் கூட்டிப் போனாள்.

தண்ணீர் தலையில் விழுந்ததும் தங்கை கண்ணை மூடிக்கொண்டு, எல்லாவற்றையும் மறந்து நின்றாள். அக்கா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.