நான் காத்திருக்கிறேன் என்று சொன்ன குரல்

அவையை அமைதியும் அன்புமாய் ஆண்டுகொண்டிருக்கும் தலைவர், இந்தத் தோட்டத்துக் கல்வி நிதியைத் தோளில் சுமக்கும் நாகமுத்து அவர்களே! செம்பனைக் காட்டில் சிந்திய வியர்வையில் பிள்ளைகளை வளர்த்தெடுத்த பெரியோர்களே! விடியுமுன் அடுப்பையும் விடிந்தபின் ஆலையையும் ஆளுகின்ற அன்னையரே! குருபோங் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து, குளிக்கக்கூட வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்து கொட்டாவி விடும் சகோதரர்களே! கடைசி வரிசையில் கைப்பேசிக்குள் கவிழ்ந்திருக்கும் இளைய சிங்கங்களே! மண்டபத்தில் இத்தனை நாற்காலி இருக்க, தன் வீட்டிலிருந்து தானே ஒரு பச்சை நாற்காலியைத் தூக்கி வந்து ஓரமாய்ப் போட்டு அமர்ந்திருக்கும் வேலாயி அம்மா அவர்களே! கிளேபாங்கிலிருந்து வந்திருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன் ஜூலியஸ் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

கைதட்டாதீர்கள். தயவுசெய்து கைதட்டாதீர்கள். வணக்கம் சொன்னவனுக்கு வணக்கம் சொல்லுங்கள், அது போதும்.

ஆ! இப்போது கேட்டது. ஒருவன் பேச, பலர் பதில் சொல்ல, அதைக் காதாரக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று தெரியுமா எனக்கு?

விழாக் குழுவினர் எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, ‘இணையம் தந்த இனிய கல்வி’. இனிய கல்வியாம்! தலைப்பு வைத்த தம்பி எங்கே? நீங்களா? நல்லது. ஒரு முழுப் பாடத்தையாவது இணையத்தில் தொடக்கம் முதல் கடைசிவரை உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? சிரிக்கிறீர்கள். சிரிப்பையும் பதிலாக ஏற்றுக்கொள்கிறேன்.

பெரியோர்களே, பள்ளியிறுதி எஸ்.பி.எம். கணிதத் தேர்வுக்கு நான் ஓர் இணையப் பாடத் தொடர் நடத்துகிறேன். கேள்வித்தாள் மலாயில் வருகிறது. பயம் மட்டும் நம் பிள்ளைகளுக்குத் தமிழில் வருகிறது. அந்தப் பயத்தைத் தமிழிலேயே பேசித் தீர்க்கலாமே என்று தொடங்கினேன். மேடையில் நின்றால் இப்படித்தான் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்லட்டுமா? என் துணைவியார் ஜெனட், பேரனைப் பார்க்க ஆஸ்திரேலியா போனார். போன இடத்தில் பேத்தியும் பிறந்துவிட்டாள். இன்னும் அங்கேயே இருக்கிறார். கிளேபாங்கில் என் வீட்டுக்கு வெளியே தேங்காய் ஷேக் வாங்க வரும் கார்களின் சத்தம். வீட்டுக்கு உள்ளே நான் தண்ணீர் குடிக்கும் சத்தம். அந்த வீட்டில் ஒரு குரல் வேண்டியிருந்தது. ஆகவே கரும்பலகை ஒன்றை மாட்டினேன், அது மட்டும் தெரியும்படி கைப்பேசியை ஸ்டாண்டில் நிறுத்தினேன், பேச ஆரம்பித்தேன்.

பேசலாம். எதையும் பேசலாம். ஆனால் ஆசிரியன் வெறுமனே பேசுகிறவனா? கேட்கிறவன் அல்லவா? ஒரு கணக்கைப் போட்டுக்காட்டி, “விடை என்ன?” என்று திரும்பி நின்றால், வகுப்பே அதிர்ந்து பதில் சொல்லும். சரியான பதில் நாலு வரும், தப்பான பதில் நாற்பது வரும், நடுவில் “சார், தண்டாஸ்!” என்று கழிவறைக்குப் போக ஒரு கையும் உயரும். அதுதான் வகுப்பு! பழக்கதோஷம், கைப்பேசியின் முன்னும் கேட்டேன்: “எங்கே, சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.” கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். நன்றாகவே காத்திருந்தேன். பிறகு, பதில் வந்துவிட்டதுபோல, “நல்லது” என்றேன். ஒவ்வொரு பாடத்திலும் அப்படியே செய்தேன்.

ஜெனட் காணொளியைப் பார்த்துவிட்டு அங்கிருந்து அழைத்தார். “ஏங்க, நடுவுல நடுவுல பேசாம சும்மா பலகையக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க? அத வெட்டித் தூக்கிப் போடுங்க லா” என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அது பிள்ளைகள் பதில் சொல்லும் நேரம், அதை வெட்ட எனக்கு உரிமையில்லை என்றேன். எந்தப் பிள்ளைகள் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கருணைக்காக அவரை நான் இன்னும் அதிகமாக நேசிக்கிறேன்.

ஏனென்றால் எழுதியவர் எவருமில்லை, கேட்டவர் எவருமில்லை, குறை சொல்லித் திட்டக்கூட ஓர் ஆளில்லை! பாடத்தின் கீழே கருத்துக்கான இடம் வெறுமையாகவே கிடந்தது. பார்த்தவர் எண்ணிக்கை ஏறியபோதெல்லாம், சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று நானே பார்த்ததுதான் அதில் பாதி.

இப்படியிருக்க, ஒருநாள் முதல் கருத்து வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். என்ன எழுதியிருந்தது தெரியுமா? “சார், மீதிப் பாடத்தை ஒரு பொம்பளை குரலில் நடத்த முடியுமா?”

சிரியுங்கள், சிரியுங்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. இரண்டு தலைமுறைக்குப் பாடம் சொன்ன குரல், தேவாலயத்தில் வேதம் வாசிக்கும் குரல், இதற்கு என்ன குறை? “என் குரலில் என்னம்மா குறை?” என்று கேட்டு, என் தொலைபேசி எண்ணையும் எழுதினேன். எழுதியவர் பெயர் மலர்க்கொடி. இதே தோட்டத்து மருமகள். அவர் சொன்ன கதையைத்தான் இப்போது, அவருடைய அனுமதியோடு, உங்களிடம் சொல்லப்போகிறேன்.

மலர்க்கொடி பள்ளியில் எல்லாப் பாடத்திலும் தேறியவர். கணிதத்தில் மட்டும் தவறியவர். குருபோங் தொழிற்சாலையில் நின்றபடியே பார்க்கிற வேலை. கணவர் காளிதாஸ் சிங்கப்பூரில். ஜாசின் டவுனில் சிறுநீரக நோயாளிகளுக்கான டயாலிசிஸ் மையம் ஒன்றில் உதவியாளர் பயிற்சிக்கு ஆள் எடுப்பதாக அறிவித்தார்கள். எஸ்.பி.எம். கணிதத்தில் தேர்ச்சி இருந்தால்தான் சேர்க்கலாம் என்றார்கள். சரி, எழுதிவிடலாம் என்று துணிந்தார். தனியாகத் தேர்வு எழுதப் பதிந்தார். ஆனால் எவரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? கல்யாணமாகி இத்தனை வருடத்துக்குப் பிறகு கணக்குப் படிக்கிறாளாம் என்று இந்த லயத்து வரிசை வீடெல்லாம் சிரிக்கும் என்று பயந்தார். தாய்மார்களே, சிரித்திருக்க மாட்டோமா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்!

தலை குனிகிறீர்கள். பார்த்தீர்களா, குனிந்த தலையும் ஒரு விடைதான்.

காலை ஷிப்ட் முடிந்து வருவார். கதவைச் சாத்துவார். கைப்பேசியை அரிசி டின்மேல் சாய்த்து வைப்பார். உள்ளே நான் கேட்பேன்: “பையில் மூன்று சிவப்புப் பந்து, இரண்டு நீலப் பந்து. ஒன்றை எடுத்தால், அது சிவப்பாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? எங்கே, சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.” அவர் சத்தமாய்ச் சொல்வார்: “அஞ்சுல மூணு சார்.” நான் சொல்வேன்: “நல்லது.”

அன்புடையீர்! என் காத்திருப்பு வீண் போகவில்லை! கிளேபாங்கில் நான் விட்ட மௌனத்தை, ஜாசின் தோட்டத்து லயத்தில் ஒரு பெண் தன் குரலால் நிரப்பிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியாது. நான் ஓர் ஆள் என்பதுகூட அவருக்கு உறுதியாகத் தெரியாது.

ஆனால் சுவருக்குச் சுவர் ஒட்டிய லயம் அல்லவா? பக்கத்து வீட்டில் யார்? மாமியார் வேலாயி அம்மா. அவருக்கு அடுத்த வீட்டில் யார்? கருப்பாயி அம்மா. கணவன் ஊரில் இல்லாத பெண்ணின் சாத்திய வீட்டுக்குள்ளே, பட்டப்பகலில், ஓர் ஆணின் குரல் “நான் காத்திருக்கிறேன்” என்கிறது! கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? ஒருநாள் பிற்பகல் கதவு இடிபட்டது.

“மலரு! யாருடி உள்ள ஆம்பள? கதவத் தொற!”

“அத்தை, வாத்தியாரு அத்தை…”

“பாத்தியாக்கா, அவளே சொல்றா, வாத்தியாராம் லா!” இது கருப்பாயி அம்மா.

கதவு திறந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள், சமையலறையில் பார்த்தார்கள், பின்வாசலில் பார்த்தார்கள். அரிசி டின்மேலிருந்து நான் சொன்னேன்: “தயங்க வேண்டாம். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. மறுபடியும் பார்ப்போம்.”

ஆம், பெரியோர்களே! இந்தத் தோட்டமே பேசிய அந்த ஆம்பளை நான்தான்! வேலாயி அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறார். மூட வேண்டாம் அம்மா, கதை இன்னும் இருக்கிறது.

கைப்பேசிதான் என்று தெரிந்தபின் விவகாரம் முடிந்திருக்க வேண்டும் அல்லவா? முடியவில்லை. வதந்தி பாஸ்போர்ட் இல்லாமலே சிங்கப்பூருக்குப் போய்விட்டது. காளிதாஸ் அழைத்தார். “அது போன் கொரலாவே இருக்கட்டும் லா. ஊரு வாய நான் எப்படி மூடுறது? கணக்கும் வேணாம், ஒண்ணும் வேணாம், நிப்பாட்டு” என்றார். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் அந்தப் பயிற்சி போய்விடும். தொடர்ந்தால் வீட்டின் நிம்மதி போய்விடும். அப்போதுதான் பெண் குரல் கேட்டு எனக்கு எழுதினார்.

பெண் குரலுக்கு நான் எங்கே போவேன்? ஜெனட்டைக் கேட்டேன். “நானே கணக்குல பெயிலுங்க” என்றார். வேறு வழியில்லாமல், மீதிப் பாடங்களைக் குரலில்லாமல் பதிவு செய்தேன். என் கை எழுதும், கேள்வி பலகையில் வரும், மௌனம், பிறகு விடை வரும். இருந்த ஒரே குரலையும் என் வீட்டிலிருந்து நானே வெளியேற்றினேன். கரும்பலகையில் சாக்பீஸ் உரசும் சத்தம் மட்டும் மிஞ்சியது. மனம் விட்டுச் சொல்கிறேன், அந்த நாட்களைப் போல ஒரு தனிமையை நான் அனுபவித்ததே இல்லை.

மலர்க்கொடி படித்தார். கதவைச் சாத்திக்கொண்டு, பேசாத பாடத்தைப் பார்த்து, பழக்கத்தில் சத்தமாகப் பதில் மட்டும் சொன்னார். “அஞ்சுல மூணு சார்.” “தெரியல சார்.” “ஆங், இப்பப் புரியுது சார்.” சுவருக்கு அந்தப் பக்கம் வேலாயி அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

பிறகு ஒருநாள் என் கைப்பேசிக்கு ஒரு குரல் செய்தி வந்தது. அதை நான் அழிக்கவே இல்லை. சொல்லிக் காட்டுகிறேன்: “வாத்தியாரே, நான் மலரோட மாமியா பேசறேன். ஆம்பளக் கொரலு கேட்டப்ப எனக்குக் கோவம் வந்துச்சு. இப்பக் கொரலே இல்லாம அவ மட்டும் தனியாப் பேசிக்கிட்டு இருக்கா. கேக்கக் கேக்கப் பயமா இருக்கு. நீங்க பேசுங்க லா. மத்தத நான் பாத்துக்குறேன்.”

நான் மறுபடியும் குரலோடு பதிவு செய்தேன். அவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் தெரியுமா? கதவை அகலத் திறந்தார். கைப்பேசிச் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். வாசற்படியில் இதோ, இதே பச்சை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். போனவர் வந்தவரிடமெல்லாம், “வாத்தியாரு பாடம் நடத்துறாரு, சத்தம் போடாமப் போங்க” என்றார். மகன் அழைத்தபோது, “உன் பொண்டாட்டி படிக்கிறா, அப்புறம் கூப்பிடு” என்று வைத்துவிட்டார். கணக்கு அவருக்குப் புரிந்ததா? ஒரு சொல் புரியவில்லை. ஆனால் உட்கார்ந்தார். கருப்பாயி அம்மாவோ, லயத்தில் வேறு எவருமோ ஒருநாளும் உள்ளே வந்து உட்காரவில்லை. கடந்து போனார்கள், எட்டிப் பார்த்தார்கள், போய்விட்டார்கள்.

தேர்வன்று ஜாசினில் தேர்வு மையத்தின் வெளிவாசலில் நின்றேன். மலர்க்கொடியின் முகம் எனக்குத் தெரியாது. என் முகமும் அவருக்குத் தெரியாது, ஏனென்றால் நான் காட்டியது எப்போதும் பலகையைத்தான். காவலாளியிடம் ஓர் அம்மா, “இன்னும் மணி அடிக்கலயா லா?” என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். குரல் செய்தியில் கேட்ட அதே குரல்! பக்கத்தில் போய் நின்றேன். மருமகள் வந்தார், சோர்ந்த முகம். என் வாயில் வந்தது அதுதான்: “எங்கே, சொல்லுங்கள்.”

நடந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். “சார்?” என்றார். பிறகு அழுதுகொண்டே, “ரெண்டாம் தாளு கடைசிக் கணக்கு தெரியல சார்” என்றார். “பரவாயில்லை. மறுபடியும் பார்ப்போம்” என்றேன். நானும் அழுதேன். வேலாயி அம்மா எங்கள் இருவரையும் பார்த்து, “இந்த ஆளுதானா அது!” என்றார்.

மறுபடியும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மலர்க்கொடி தேறிவிட்டார். இன்று இந்த நேரத்தில் அந்த டயாலிசிஸ் மையத்தில் ஒரு நோயாளியின் பக்கத்தில் இருப்பார். அதனால்தான் இங்கே பாராட்டு மாலை வாங்க அவர் வரவில்லை, மாமியார் வந்திருக்கிறார்.

இப்போது கைதட்டுங்கள். இது அவருக்கு.

போதும். இனி என் கேள்வி. இணையம் எல்லாம் தரும் என்கிறார்கள். பாடம் தரும், படம் தரும், விடை தரும், விளக்கம் தரும்! பக்கத்தில் உட்கார ஓர் ஆளைத் தருமா? கேட்கிறேன், தருமா? அதைத் தர வேண்டியவர்கள் நாம் அல்லவா? அன்று அந்தக் கதவைச் சந்தேகம் தட்டியது. இனி அதை ஒரு நாற்காலி தட்டட்டும்! கணக்குத் தெரிய வேண்டாம், கல்வி தெரிய வேண்டாம், கூட இருக்கத் தெரிந்தால் போதும்!

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். இன்னும் பதிவு செய்கிறேன். மலர்க்கொடிக்கு இனி என் பாடம் தேவையில்லை. அது அப்படித்தான் இருக்க வேண்டும். நான் மட்டும் கேள்வி கேட்டுவிட்டு நிற்கிறேன். எந்த வீட்டில் எவர் பதில் சொல்கிறார், எவராவது சொல்கிறாரா, எனக்குத் தெரியாது.

ஆகவே, வீடு திரும்புமுன் ஒன்று கேட்கிறேன். உங்கள் லயத்து வரிசையிலும் ஒரு கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே ஒருத்தி தனியாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். என்ன செய்வீர்கள்? எங்கே, சொல்லுங்கள். நான் காத்திருக்கிறேன்.

என்ன அம்மா? உரக்கச் சொல்லுங்கள். “நாற்காலியத் தூக்கிக்கிட்டுப் போவேன் லா!” கேட்டீர்களா? வேலாயி அம்மா சொல்லிவிட்டார்.

நல்லது. ஒருவர் சொல்லிவிட்டார். செவிகொடுத்த தலைவருக்கும், சிரித்தும் சினந்தும் உடனிருந்த தாய்மாருக்கும், ஒலிபெருக்கியை அணைக்காமல் பொறுத்த தம்பிக்கும் என் நன்றி. மற்றவர்கள் அவசரமில்லை, வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்லுங்கள். கிளேபாங்கில் நான் காத்திருக்கிறேன். வணக்கம்.