ஓடுகிற சிங்கம்

நம் கல்லூரித் தலைவரின் படத்தை மூடியிருக்கும் இந்தத் திரையை விலக்குவதற்கு முன்னால் ஒரு சின்னக் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். தலைவர் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கல்லூரியில் முப்பத்தொரு வருடம் ஐரோப்பிய வரலாறு நடத்தியவள் நான். என்னைப் பேசக் கூப்பிட்டால் இதுதான் நடக்கும் என்று விழாக் குழுவுக்குத் தெரியாதா என்ன? ஆனால் இது வரலாறு அல்ல. நான் கட்டிய கதை. புத்தகத்தில் தேடாதீர்கள்.

வடக்கே, பாதி வருடம் கடல் உறைந்து கிடக்கும் நாட்டில், எய்வின்ட் என்று ஓர் அரசன். எழுநூறு வருடத்துக்கு முன்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய அப்பா கடலில் மூழ்கியபோது அரச முத்திரையும் கூடவே மூழ்கிவிட்டது. புதிது வேண்டும்... உடனே வேண்டும். ஏன்? பனி உருகியதும் அவனுடைய ஒன்றுவிட்ட தம்பி கப்பல்களோடு வந்து அரியணையைப் பறிக்கப் போகிறான். "படையோடு வாருங்கள்" என்று நாற்பது குறுநிலத் தலைவர்களுக்குக் கடிதம் போக வேண்டும். முத்திரை இல்லாத கடிதத்தை எவன் நம்புவான்?

முத்திரை வெட்டுகிறவள் ரன்வெய்க் என்ற கைம்பெண். வெட்ட வேண்டியது இரண்டு. ஒன்று, அரசனின் முகம். இன்னொன்று, பக்கத்தில் அவன் கேடயம், அதில் ஒரு சிங்கம்.

அரசன் சொன்னான்: "தாடை கொஞ்சம் உறுதியா இருக்கட்டும். மூக்கு நேரா வரட்டும்."

"அதுக்கென்ன மன்னா! எல்லா ராஜாவுக்கும் நான் அதே மூக்கைத்தான் வைக்கிறேன்."

உண்மையைத்தான் சொன்னாள். அந்தக் காலத்தில் அரச முகம் என்பது பொதுவான முகம். கிரீடம், தாடி, ஒரு முறைப்பு... அவ்வளவுதான். இவன் இன்னார் என்று சொல்வது கேடயம். கேடயத்துச் சிங்கம், பார்ப்பவருடைய இடப்பக்கம் நோக்கி நிற்க வேண்டும். ஏந்திச் செல்பவனுக்கு அதுதான் முன்பக்கம், எதிரி நிற்கிற பக்கம். வலப்பக்கம் திரும்பிவிட்டால்? ... ஓடுகிற சிங்கம்.

ரன்வெய்க் பித்தளையில் வெட்டிக் கொண்டுவந்தாள். அரசன் வாங்கிப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது.

"என்ன இது? சிங்கம் வலப்பக்கம் பார்க்குது! என்னைக் கோழைன்னு சொல்றியா?"

நீங்கள் ரப்பர் ஸ்டாம்ப்பைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? எழுத்து எப்படி இருக்கும்? இடவலம் மாறி இருக்கும். தாளில் வைத்து அழுத்தினால்தானே நேராகும்? அதையேதான் அவளும் சொன்னாள்.

"மன்னா, மெழுகில ஒரு தடவை அழுத்திப் பாருங்க."

"எனக்குப் பாடம் நடத்துறியா? திருப்பி வெட்டு!"

சபையில் பதினொரு பேர் இருந்தார்கள். முத்திரை வைப்பதையே தொழிலாகக் கொண்ட அமைச்சரும் இருந்தார். ஒருவராவது வாய் திறந்தார்களா? "மன்னர் கண்ணே கண்!" என்றார்கள். அவள் என்ன செய்வாள்? வேறொரு பித்தளையில் திருப்பி வெட்டிக் கொடுத்தாள். முதல் முத்திரையைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள்.

அமைச்சர் நாற்பது கடிதங்களுக்கு முத்திரை வைத்தார். நாற்பது முறை மெழுகில் பார்த்தார்... நாற்பது சிங்கங்கள் ஓடின. ஒரு வார்த்தை பேசவில்லை.

பனி உருகியது. வந்த தலைவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேருக்கும் கண்பார்வை மங்கல். மற்றவர்கள், "ராஜா ஓடப்போறாராம், முத்திரை போட்டே சொல்லிட்டாரு" என்று வீட்டில் இருந்துவிட்டார்கள்.

அரசன் ரன்வெய்க்கை இழுத்து வரச் சொன்னான். "இவ வலது கையை வெட்டுங்க!"

அவள் பெட்டியோடு வந்திருந்தாள். "வெட்டுங்க மன்னா. அதுக்கு முன்னால இதை ஒரு தடவை அழுத்துங்க. அன்னைக்கே சொன்னேன்."

அழுத்தினான். மெழுகில் சிங்கம், வாயைத் திறந்துகொண்டு, எதிரியைப் பார்த்து நின்றது.

பிறகு சபையைப் பார்த்துக் கேட்டான்: "உங்கள்ல ஒருத்தருக்குக்கூடத் தெரியாதா?"

அமைச்சர் சொன்னார்: "எல்லாருக்கும் தெரியும், மன்னா."

"அப்புறம் ஏன்யா சொல்லலை?"

"போன வருஷப் போர்ல நீங்க ஓடி வந்தீங்க. காத்துக்காகக் கப்பலைத் திருப்பினேன்னு சொன்னீங்க. அன்னைக்கும் நாங்க தலையாட்டினோம். அப்படியே பழகிப்போச்சு."

ரன்வெய்க்கின் கை பிழைத்தது. அரியணை பிழைக்கவில்லை.

கதை அவ்வளவுதான். இதை ஏன் இங்கே சொல்கிறேன்? அரசன் முட்டாள் என்று சொல்லவா? அது அவன் பாடு. நான் பேசுவது அந்தப் பதினொரு பேரைப் பற்றி.

போன வாரம் நம் குழுவில் இந்தப் படத்தையும், கல்லூரியின் புதிய சின்னத்தையும் காட்டினார்கள். பழைய சின்னத்தில் ஒரு புத்தகம் இருந்தது. புதியதில் புத்தகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தலைவரின் முகத்தை வைத்திருக்கிறார்கள். பன்னிரண்டு பேர் பார்த்தோம். பன்னிரண்டு பேரும் "அருமை" என்றோம். பன்னிரண்டாவது ஆள் நான். எழுபத்தெட்டு வயதில் எனக்கு என்ன பயம்? ஒன்றுமில்லை... பழக்கம்.

முத்திரையை மெழுகில் பார்க்கிறவர்கள் சபைக்கு வெளியே இருக்கிறவர்கள். அடுத்த மாதம் நம் மாணவிகளின் சான்றிதழில் இந்தச் சின்னம் அச்சாகும். அவர்களில் ஒரு பெண் வேலை கேட்டு அதை நீட்டும்போது, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நம் குழு உறுப்பினர் அல்லர். அவர் சிரிப்பார். தலைகுனிந்து நிற்கப் போவது அவள்.

தலைவர் அவர்களே, படத்தை நீங்கள் தாராளமாகத் திறக்கலாம். மூக்கு நேராகத்தான் வந்திருக்கிறது. சின்னம் வேண்டாம். அச்சகத்தில் இன்னும் வேலை தொடங்கவில்லை, காலையில் நானே கேட்டுவிட்டேன். புத்தகம் போட்ட பழைய சின்னத்தின் அச்சு என் கைப்பையில் இருக்கிறது.