மாத்திரை தொடாத மனிதர்

இஞ்சியைத் தோல் சீவாமல் தட்டிப் போட்டால் கஷாயத்தில் மண்வாடை அடிக்கும். நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. எங்கள் வீட்டில் சளிக்கு இஞ்சியும் மிளகும், வயிற்று உப்புசத்துக்குச் சோம்பு, தலைவலிக்குப் புதினா என்று எல்லாம் நான்தான் போட்டுக் கொடுப்பேன். பாட்டில்களை உங்கள் ஆட்கள் பையில் போட்டு எடுத்துப் போயிருக்கிறார்கள். என் கணவர் செத்தது கஷாயத்தில் இருந்த விஷத்தால் என்று அவருடைய பணிமனை நண்பர்கள் புகார் கொடுத்தார்களாமே. தாராளமாகச் சோதித்துப் பாருங்கள், ஐயா. இஞ்சிதான் இருக்கும்.

அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஒன்பது வருடத்துக்கு முன் வேலையிடத்திலேயே மயங்கி விழுந்தார். ரத்தக்கொதிப்பு. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு நாள்கூட விடக்கூடாதும்மா, விட்டா மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிரும்" என்றார். இவர் வீட்டுக்கு வந்ததும் அட்டையை ஜன்னல் வழியாக வீசினார். "மாத்திரை எல்லாம் விஷம்டி. நீ போடுற கஷாயம் போதும் எனக்கு."

நான் கல்யாணத்துக்கு முன் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்தினால் மாத்திரை மாவாகிவிடும். அதைக் காலைக் கஷாயத்தில் கலந்தேன். மிளகுக் காரத்தில் எதுவும் தெரியவில்லை. ஒன்பது வருடம், ஒரு நாள் தவறாமல். நல்ல மனைவி வேறென்ன செய்வாள்?

அவர் தேறினார். கஷாயம்தான் காப்பாற்றியது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தார். பணிமனையில் அவருக்கு டம்ளர் டாக்டர் என்று பெயர் வைத்துத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் முன்னறையில் உட்கார இடம் இருக்காது.

அவர் குடிப்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதல் மடக்கை விழுங்க மாட்டார். இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் அலசி, தொண்டையில் வைத்துக் களகளவென்று கொப்பளித்து, அதற்குப் பிறகுதான் விழுங்குவார். பல்லிடுக்கில் சிக்கிய இலையை நகத்தால் நோண்டி, கொஞ்ச நேரம் பார்த்து, டம்ளர் விளிம்பில் ஒட்டி வைப்பார். கடைசியில் அடியில் கிடக்கும் சக்கையின் மேல் காறித் துப்பி, என் மூக்குக்கு நேரே நீட்டுவார். "பாரு, கெட்டதெல்லாம் எப்படி வெளிய தள்ளுது." நான் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு விரலை உள்ளே விட்டுக் கழுவ வேண்டும். அந்தக் கொழகொழப்பு சோறு பிசையும்போது கையில் இருப்பதாகவே தோன்றும். பாதி நாள் சாப்பிடாமல் எழுந்திருக்கிறேன். எனக்கு அந்த மனிதரைக் கண்டாலே குமட்டியது. இருந்தாலும் மறுநாள் காலை மாத்திரையை நசுக்கினேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு ஒரே தங்கை. தையல்காரி, தனியாக இருந்தாள். என்மேல் உயிராக இருப்பாள். அவளுக்குச் சர்க்கரை. ஒரு ஞாயிறு கூட்டத்துக்கு நடுவே அவளை நிற்கவைத்து இவர் சொன்னார்: "அந்த மாத்திரைய எல்லாம் குப்பையில போடு. என்னைப் பாரு, ஒன்பது வருஷமா கையால தொட்டிருக்கேனா?"

அவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். நான்கு மாதத்தில், தையல் மெஷினை மிதிக்கும் காலில் ஒரு புண் வந்தது. வெந்தயக் கஷாயம் குடிக்கச் சொன்னார். புண் கறுத்தது. அவள் வீட்டுப் படியேறும்போதே நாற்றம் வரும். துணியில் அந்த நாற்றம் ஏறிவிட்டதென்று தைக்கக் கொடுத்தவர்கள் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது காலம் கடந்துவிட்டது.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவர் கஷாயம் கேட்டார். கொடுத்தேன். அலசினார், கொப்பளித்தார். "அவ ஒழுங்கா குடிச்சிருக்க மாட்டா" என்றார். பிறகு வழக்கம்போல் சக்கையில் துப்பி என்னிடம் நீட்டினார்.

மறுநாளிலிருந்து நான் மாத்திரை போடவில்லை. அவ்வளவுதான். மற்றபடி இஞ்சியைத் தோல் சீவித்தான் போட்டேன், மிளகைக் குறைக்காமல்தான் போட்டேன். மூன்றாவது வாரத்தில், "பின்மண்டை வலிக்குதுடி" என்றார். புதினா போட்டுக் கொடுத்தேன். கேட்டதைத்தானே கொடுத்தேன். அதிலிருந்து ஐந்தாவது நாள் கொப்பளித்துக்கொண்டிருந்தவர் அப்படியே தொட்டியின் மேல் சாய்ந்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. எதிர்வீட்டுக்காரர் வண்டி கொண்டுவருகிறேன் என்றார். முதலில் இந்த டம்ளரைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். கழுவி முடிக்கக் கொஞ்சம் நேரமானது. சுத்தமாகக் கழுவினேன்.

நான் எதையும் கலக்கவில்லை, ஐயா. கலந்துகொண்டிருந்ததை நிறுத்தினேன். சாகட்டும் என்று நினைத்துத்தான் நிறுத்தினேன். வாக்குமூலத்தில் அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. பெரிய விஷயமில்லை. அவர் தங்கை தன் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவதற்கு முன் ஒரு நாள் காலையில் என் சமையலறைக்கு வந்தாள். "அண்ணி, அண்ணன் ஏதேதோ பேசும், நான் நம்பல. நீங்க மருந்துக்கடையில இருந்தவங்க. நீங்க சொன்னா சரி. நிஜமாவே உங்க கஷாயத்துலதான் அவருக்குச் சரியாச்சா?"

அப்போது என் கையில் கரண்டி இருந்தது, அதில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தது. அதுவரை என் கஷாயத்தைப் பற்றி யாரும் என்னைக் கேட்டதே இல்லை. அவரைத்தான் கேட்பார்கள்.

"ஆமாம்மா" என்றேன். அவளுக்கும் ஒரு டம்ளர் போட்டுக் கொடுத்தேன். ரொம்ப ருசியாக இருக்கிறது என்றாள்.

அந்தப் பாவி மனிதர் தன் சொந்தத் தங்கையைக் கொன்றுவிட்டார், ஐயா. அதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.