ராகு காலத்தில் இழுத்த நூல்

சொல்ல வந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்னக் கதை... கொஞ்சம் காது கொடுங்கள்.

தங்கமாரி என்று ஓர் அக்கா. பட்டாசு ஆலையில் கை வெந்துவிட்டது. காயம் ஆறியது. ஆனால் தழும்பு சுருங்கினால் முழங்கை மடங்கியே நின்றுவிடும். அதற்காக இறுக்கமான ரப்பர் உறை மாட்டினார்கள். உள்ளே வியர்வை தங்கித் தோல் புண்ணானது.

"இந்தச் சனியனைக் கழட்டிருங்கம்மா!" என்று நர்ஸிடம் கெஞ்சினார்.

"கழட்டினா கை நீளாதே?"

"போட்டா தோலே மிஞ்சாதே!"

இரண்டுமே உண்மை. என்ன செய்வது?

இதைக் கேள்விப்பட்டு, ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் குமுதவல்லி மேடமும் அவருடைய மாணவி ரெஜினாவும் ஒரு வழி யோசித்தார்கள். ரப்பர் கூழில் தண்ணீர் விட்டுக் கடைந்தால் மோர் மாதிரி வெள்ளையாகும். உள்ளே பொடிப்பொடியாகத் தண்ணீர்த் துளிகள். அதை ஊசி வழியாக நூலாக இழுத்து, சூட்டில் இறுகவைத்து, உலர்த்தினால்... தண்ணீர் போய்விடும். துளி இருந்த இடம் துளையாகும். நூல் நீளும், காற்றும் புகும்.

வெள்ளிக்கிழமை கடைந்தார்கள்.

"இழுக்கலாமா மேடம்?"

"பத்தரை ஆயிடுச்சு ரெஜினா. நல்ல காரியம்... ராகு காலம் போகட்டும்."

போனது. இழுத்தார்கள். காய்ந்த நூலை நீட்டினார்கள். பட்டென்று அறுந்தது! இன்னொன்று... அதுவும் அறுந்தது.

ரெஜினா அறுந்த முனையை நுண்ணோக்கியில் பார்த்தாள்.

"மேடம், பொடித் துளை எல்லாம் அப்படியே இருக்கு. நடுவுல ஒரு பெரிய பொத்தல். நாம காத்திருந்த நேரத்துல கொஞ்சம் துளிங்க ஒண்ணு சேர்ந்துடுச்சு."

திங்கட்கிழமை காலையில் மறுபடி கடைந்தார்கள். மணி எட்டு.

"மேடம்... இப்பவும் ராகு காலம்தான்."

"தங்கமாரிக்கு ராகுவா வந்து பதில் சொல்லப்போறாரு? இழுடி!"

இழுத்தார்கள். காய்ந்த பிறகு அந்த நூல் நீண்டது... நீண்டது... அறுந்துபோகவில்லை. அதில் பின்னிய உறையை மாட்டிக்கொண்ட தங்கமாரி, அந்தக் கையாலேயே தலை வாரிக்கொண்டார்.

இதை ஏன் சொல்கிறேன்? நமக்குள்ளும் சின்னச் சின்னப் பயங்கள் இருக்கின்றன. இருக்கட்டும், அந்த நூலைப் போல அவற்றோடு நாம் நீண்டுகொள்ளலாம். ஆனால் பரீட்சை முடியட்டும், அப்பா கோபம் ஆறட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தால்... அவை ஒன்று சேர்ந்துகொள்கின்றன. சொல்ல வேண்டியதை இன்றே சொல்லுங்கள். பெரியவர்களே, உங்களிடம் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து நின்றால்... "அப்புறம் வா" என்று மட்டும் சொல்லாதீர்கள்.