ஐந்தாவது போல்ட்

உங்கள் ஜீப்பின் முன் டயர் உள்பக்கமாகத் தேய்ந்திருக்கிறது, ஐயா. என்னை ஏற்றும்போதே கவனித்தேன். அலைன்மென்ட் பார்க்காமல் புது டயர் வாங்கிப் போட்டால் அதையும் அப்படித்தான் தின்னும். டயர் கடைக்காரன் புத்தி, வேறெங்கே போகும். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மேஜைமேல் வைத்திருக்கும் இந்த நீள போல்ட்டுகள் என்னுடையவைதான். என் கடை டிராயரில்தான் இருந்தன. ஏன் தூக்கி எறியவில்லை என்று கேட்கிறீர்கள். புது போல்ட், ஐயா. மரையில் ஒரு கீறல்கூட இல்லை. எறிய மனசு வரவில்லை.

என் மகளை எல்லோரும் சிட்டு என்றுதான் கூப்பிடுவோம். ஓர் இடத்தில் நிற்க மாட்டாள், வாய் ஓயாது. அவள் அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். வார நாளில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருப்பாள். விடுமுறை நாளில் ஊருக்கு வெளியே இருக்கும் பழைய விமான ஓடுபாதையில் கார் ஓட்டுவாள். அங்கே வருகிறவர்கள் எல்லோரும் ஆசைக்கு ஓட்டுகிறவர்கள். பேக்கரிக்காரர் இருப்பார், பள்ளிக்கூட வாத்தியார் இருப்பார். வண்டியில் ஏறிவிட்டால் ஒருவருக்கும் தலைகால் புரியாது.

பின் சக்கரங்கள் கொஞ்சம் வெளியே தள்ளி நின்றால் வளைவில் கார் இன்னும் உறுதியாக நிற்கும் என்று சிட்டு சொன்னாள். அதற்கு ஸ்பேசர் போடுவார்கள். சக்கரத்துக்கும் அது மாட்டும் ஹப்புக்கும் நடுவில் வைக்கிற தடித்த வட்டத் தகடு, அவ்வளவுதான். ஆனால் இதில்தான் பலர் கோட்டை விடுவார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று வார்ப்புத் தகட்டை வாங்குவார்கள், அது விரியும். நடுத்துளை ஹப்பில் கச்சிதமாக உட்காராததை வாங்குவார்கள், சக்கரம் நடுங்கும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டை அடுக்குகிற புத்திசாலிகளும் உண்டு. நான் அளவெடுத்து, நல்ல அலுமினியத்தில் அடித்துச் செய்ததாகப் பார்த்து வாங்கினேன். ஹப்பில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, விரல் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினேன்.

முக்கியமானது போல்ட். ஸ்பேசர் எவ்வளவு தடிமனோ, அவ்வளவு போல்ட்டும் நீள வேண்டும். பழைய போல்ட்டையே போட்டால் அதன் நுனி மட்டும்தான் மரையைப் பிடிக்கும். பார்த்தால் தெரியாது. முடுக்கினாலும் முடுகும். ஓடும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம். முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு அவள் உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். சக்கரம் ஆறட்டும் என்று நான் காத்திருப்பேன். பிறகு மண்டி போட்டு, இறுக்கத்தை அளக்கும் டார்க் ஸ்பேனரால் ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி இறுக்கிப் பார்ப்பேன். சரியான இறுக்கம் வந்தால் ஸ்பேனர் 'டக்' என்று சொல்லும். உள்ளே இருந்தபடியே காதால் எண்ணுவாள். ஒரு சக்கரத்துக்கு ஐந்து 'டக்'. கடைசிச் சக்கரமும் முடிந்ததும் கூரையில் இரண்டு தட்டு தட்டுவேன். கிளம்பிவிடுவாள்.

"ஒரு தடவையாவது இறங்கிப் பாரேன்டி," என்று திட்டியிருக்கிறேன்.

"அப்புறம் நீங்க எதுக்குப்பா இருக்கீங்க?" என்பாள்.

அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே திட்டுவேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் அந்தக் கோச் வந்தார். வேறு ஊரில் பெரிய டீம் வைத்திருக்கிறவர். சிட்டு ஓட்டியதைப் பார்த்துவிட்டு, எங்களோடு வந்துவிடு என்றார். தங்க இடம், ஓட்ட நல்ல வண்டி, எல்லாம் அவர்கள் பொறுப்பு. அவள் கடைக்கு ஓடி வந்து என் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

"அங்க மெக்கானிக் இருக்காருப்பா. கண்ணாடி அண்ணன்னு சொல்வாங்க, ரொம்ப நல்ல கையாம். இனிமே நீங்க வெயில்ல மண்டி போட வேண்டாம். நிம்மதியா வீட்ல இருங்க."

பாசத்தோடுதான் சொன்னாள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நான் யோசித்தது ஒன்றே ஒன்றுதான், ஐயா. முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாத ஒருவன் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று முடுக்கி, என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வேண்டாம் என்று வாயால் சொன்னால் கேட்கிற வயசா? ஒரு சின்ன பயம் காட்டினால் போதும் என்று நினைத்தேன். சக்கரம் லேசாக ஆடும், வண்டியை ஓரங்கட்டுவாள். அதற்குப் பிறகு எங்கேயும் போக மாட்டாள்.

ஊர் மாறுவதற்கு முன் இங்கே ஓடுபாதையில் அவள் ஓட்டும் கடைசி நாள் வந்தது. முந்தின நாள், பின் இடது சக்கரத்தின் நீள போல்ட்டுகளைக் கழற்றி டிராயரில் போட்டேன். பழைய குட்டை போல்ட்டுகளை மாட்டினேன். ஸ்பேனர் ஐந்து முறையும் ஒழுங்காக 'டக்' சொன்னது.

காலையில் கோச்சோடு அந்த மெக்கானிக் கண்ணாடியும் வந்திருந்தார். அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து காற்று பார்த்தார், அவ்வளவுதான். அதைப் பார்த்தவர்கள் பிறகு உங்களிடம் சொன்னார்கள். சிட்டுவும் சொன்னாள். "அப்பா முடுக்கினது கழலாது, அவர்தான் ஏதோ பண்ணியிருக்கணும்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் சொன்னதை நீங்கள்தானே எழுதிக்கொண்டீர்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அவளுடைய தலையணையைச் சரிசெய்தேன். கண்ணாடியை நீங்கள் அழைத்துப் போனபோதும் வாய் திறக்கவில்லை. அவரை விட்டுவிடுங்கள். உண்மையிலேயே நல்ல கைதான் அவருக்கு.

பயம் காட்டத்தான் செய்தேன் என்றால், அதோடு ஏன் நிற்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றும். அதற்குத்தான் வருகிறேன்.

நான் நினைத்தது நினைத்தபடியே நடந்தது, ஐயா. முதல் ஓட்டத்திலேயே சக்கரம் ஆடிவிட்டது. பாதியிலேயே நான் நின்ற இடத்துக்கு வந்துவிட்டாள். எஞ்சினை அணைத்துவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, பின்னாடி இடது பக்கம் ஏதோ உதறுது. பாருங்களேன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். பயம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. வேர்த்து, சிவந்து, சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா பார்த்துக்கொள்வார் என்ற தைரியம் அது. அந்தப் பக்கம் கோச் கைக்கடிகாரத்தைக் காட்ட, இதோ வந்துவிட்டேன் என்று அவரைப் பார்த்துக் கையசைத்தாள்.

ஆறட்டும் என்று வழக்கம்போல் காத்திருந்தேன். யோசிக்க நேரம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நிறைய நேரம் இருந்தது. பிறகு மண்டி போட்டேன். நான்கு போல்ட்டுகள் 'டக்' என்றன. ஐந்தாவது சொல்லவில்லை. ஸ்பேனரோடு சுற்றிக்கொண்டே இருந்தது. மரை போய்விட்டது. இதற்குமேல் அந்தச் சக்கரம் நிற்காது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே யாரும் இல்லை.

உள்ளே அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். "நாலு..." என்று நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். நான் ஸ்பேனரை எடுத்து, முதல் போல்ட்டில் மறுபடி வைத்து அழுத்தினேன். 'டக்'.

"அஞ்சு," என்றாள்.

மற்றச் சக்கரங்களையும் பார்த்தேன். எழுந்து, கூரையில் இரண்டு தட்டு தட்டினேன்.

நேர்பாதை முடிகிற வலது வளைவில் சக்கரம் தனியாகப் போனது. கார் எத்தனை முறை புரண்டது என்று நான் பார்க்கவில்லை. துணியால் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

உயிருக்கு ஒன்றும் இல்லை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் அழுத அழுகையை அந்த வார்டில் எல்லோரும் பார்த்தார்கள். அது நடிப்பில்லை, ஐயா. இப்போதும் அவள் தூங்குகிறபோது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுகிறேன். அவளுக்குத் தெரிவதில்லை.

இப்போது சக்கர நாற்காலியில்தான் இருக்கிறாள். கடையில் கிடைப்பதெல்லாம் லொடலொட. நானே பேரிங் மாற்றி, அச்சு நட்டுகளை இறுக்கியிருக்கிறேன். இன்று காலை நீங்கள் வாசலில் நின்றபோதுகூட அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "முடிஞ்சுதாப்பா?" என்றாள். கைப்பிடியில் இரண்டு தட்டு தட்டினேன். ஜன்னல் பக்கம் போனாள். அதற்கு மேல் போக அவளுக்கு இடம் இல்லை.

எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் செய்துகொடுங்கள். நான் திரும்பி வரும்வரை அந்த நாற்காலியின் சக்கரத்தில் வேறு யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்டவன் கையில் விட்டால் என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும், ஐயா.