ரத்தக்குழாய்க்கு நார்த்தங்காய்

செம்பூரில் தாராவி பஸ்ஸுக்கான வரிசையில் எனக்கு முன்னால் வயதான கணவனும் மனைவியும் நின்றார்கள். பிரஷர் ஏறிக் கிடக்கிறது என்று கணவருடைய கண்புரை ஆபரேஷனை அன்றும் தள்ளிவைத்துவிட்டார்களாம்.

"ரத்தக்குழாய்க்குன்னுதான் தின்னேன்," என்றார் அவர் திடீரென்று. நான் ஒரு அடி நெருங்கி நின்றேன்.

"எதைத் தின்னீங்க?" என்றார் மனைவி.

"நார்த்தங்காயத்தான். எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடில என்னமோ ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்காம். வயசானவன் ரத்தக்குழாய்க்கு நல்லதுன்னு மொபைல்ல வந்துச்சு. நார்த்தங்காயும் அந்த வகைதானட்டி?"

"ஐயோ! ஜாடியில உப்புல ஊறிக் கெடக்கே, அதையா?"

"தெனமும். மருந்து மாதிரி."

"'நமக் பந்த்', உப்பே கூடாதுன்னு டாக்டர் தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னாரு. நான் கொழம்புக்கே உப்பு போடாம ஆக்குதேன்!"

"அந்தக் கொழம்புக்கு அதத் தொட்டுக்கிட்டாத்தான் எறங்குது."

அந்த அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். அவர் விடவில்லை.

"அப்ப நார்த்தங்காய் நல்லதா, கெட்டதா?"

"காய் நல்லதுதான். உப்புதான் ஆகாது."

"ரெண்டும் ஒரே துண்டுலல்லா இருக்கு? நல்லது ஜெயிக்குமா, கெட்டது ஜெயிக்குமா?"

"எனக்கென்ன தெரியும்? ஒங்க மொபைல்ட்ட கேளுங்க."

அவர் யோசித்தபடியே சாலையைப் பார்த்தார். சட்டென்று முகம் மலர்ந்து, கையை நீட்டிக்கொண்டு நடைபாதையை விட்டு இறங்கினார்.

"வா, வா, பஸ் வந்துட்டு!"

அந்த அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அது தண்ணி லாரிங்க."