முதலாம் வகுப்புக்கு ஒருத்தி

ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவு போகும் படகில், எனக்கு முன்னால் இருந்த இளம் தாய் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொன்னாள்:

“நாட்டின்ரை எதிர்காலம் நேற்று மேடையிலை நித்திரையாப் போச்சு, அக்கா.”

“ஆரடி அது?”

“என்ரை மகள்தான். இந்த முறை முதலாம் வகுப்புக்கு அவள் ஒருத்திதான். அவளும் இல்லையெண்டால் எங்கட பள்ளிக்கூடத்தைப் பூட்டியிருப்பினம்.”

“ஒரு பிள்ளையை வரவேற்கவோ கால்கோள் விழா வைச்சவை?”

“பின்னை? பாண்ட் வாத்தியம், மாலை, ஆலாத்தி எல்லாம் இருந்தது. ஊரே திரண்டு வந்து அவளை ஊர்வலமாக் கூட்டிக்கொண்டு போனது. கல்விக் கந்தோரிலை இருந்து வந்த ஐயா, நாட்டின்ரை எதிர்காலம் இந்தப் பிள்ளையளின்ரை கையிலைதான் எண்டு முக்கால் மணித்தியாலம் பேசினவர். பிள்ளையளாம்! இவள் கதிரையிலை சரிஞ்சு நல்ல நித்திரை.”

சிரித்த சிரிப்பில், அலையடித்துச் சேலை நனைந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

“பிறகு?”

“கைதட்டின சத்தத்திலை முழிச்சவள், சனத்தைப் பார்த்து, ‘இவ்வளவு பேரும் என்ரை வகுப்போ?’ எண்டு பக்கத்திலை இருந்த பள்ளிக்கூட அதிபரைக் கேட்டாள்.”

“அதிபர் என்ன சொன்னவர்?”

“அவர் என்ன செய்யிறது? ஓம் எண்டிட்டார்.”